பெலா லுகோசி: முத்திரை விழுந்தது இவர் மேல, லாபம் போனது ஸ்டூடியோவுக்கு

டிராகுலான்னு சொன்னதும் எல்லாருக்கும் ஒரே உருவம்தான் கண்ணு முன்னாடி வரும். எண்ணெய் வச்சு படிய வாரின கறுப்பு முடி, கோட்டு சூட்டு, தோள்லேர்ந்து தொங்குற கறுப்பு அங்கி, ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து நிறுத்தி பேசுற குரல். 1897ல பிராம் ஸ்டோக்கர் எழுதின நாவல்ல இந்த ஆளே கிடையாது. அதுல வர்ற டிராகுலா முதல்ல பார்க்கும்போது வெள்ளை மீசை வச்ச கிழவர், உள்ளங்கையில முடி முளைச்சவர். அந்த கோட்டும் அங்கியும் நாடகத்துலேர்ந்து வந்துச்சு, ஆனா முகமும் குரலும் நடையும் பெலா லுகோசிங்கிற ஹங்கேரி நடிகரோடது. 1931ல வந்த ஒரே படத்துல அவர் செஞ்சதை உலகமே இன்னிக்கு வரைக்கும் காப்பி அடிச்சுக்கிட்டு இருக்கு.

ஒரே ரோல்ல மாட்டிக்கிட்டு வீணாப்போன நடிகர்னு அவரைப் பத்தி எழுதுவாங்க. இதுல பாதிதான் உண்மைன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா அதே 1931ல, அதே யூனிவர்சல் ஸ்டூடியோவுல, அதே மாதிரி ஒரு பேய்ப்பட ரோல்ல முத்திரை விழுந்த இன்னொருத்தர் இருக்காரு, போரிஸ் கார்லாஃப். அவர் கடைசி வரைக்கும் மரியாதையாவும் வசதியாவும் வாழ்ந்தாரு. அப்போ முத்திரை மட்டும்தான் ஆளை அழிச்சதுன்னா ரெண்டு பேருமே அழிஞ்சிருக்கணும் இல்லையா? லுகோசிக்கு மட்டும் ஏன் அப்படி ஆச்சுன்னு பார்த்தா, அவருக்குள்ள இருந்த குறையை விட கையெழுத்து போட்ட பேப்பரும், பேசின மொழியும், ஹாரர் படங்களோட மார்க்கெட்டும்தான் பெரிய காரணமா தெரியுது.

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கணும். 1882 அக்டோபர் 20ல லுகோஸ்ங்கிற ஊர்ல பிறந்தாரு. அப்போ அது ஹங்கேரி ராஜ்ஜியத்துல இருந்துச்சு, இப்போ ருமேனியாவுல இருக்கு. இயற்பெயர் பெலா பிளாஷ்கோ, ஊர் பேரையே பின்னாடி மேடைப்பேரா வச்சுக்கிட்டாரு. பள்ளிக்கூடத்தை பாதியில விட்டுட்டு கூலி வேலை பார்த்து, அப்புறம் ஊர் ஊரா போற நாடகக் கம்பெனிகள்ல சேர்ந்தாரு. ரோமியோவா நடிச்சிருக்காரு, ஒரு நாடகத்துல இயேசுவா நடிச்சிருக்காரு. 1913லேர்ந்து புடாபெஸ்ட்ல இருக்கிற நேஷனல் தியேட்டர்ல இருந்தாரு, அங்க பெரும்பாலும் சின்ன ரோல்கள்தான், ஆனா அது நாட்டிலேயே பெரிய மேடை. முதல் உலகப்போர்ல காலாட்படையில சேர்ந்து சண்டை போட்டு காயம்பட்டாரு. அந்தக் காயத்தோட வலிதான் பல வருஷம் கழிச்சு திரும்ப வந்ததுன்னு சொல்லுவாங்க, அதைப் பின்னாடி பார்க்கலாம்.

1919ல ஹங்கேரியில பெலா குன் தலைமையில கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தப்போ, நடிகர்களுக்கு யூனியன் அமைக்கிற வேலையில லுகோசி முன்னாடி நின்னாரு. சில மாசத்துல அந்த ஆட்சி கவிழ்ந்துடுச்சு, சம்பந்தப்பட்டவங்களை எல்லாம் தேட ஆரம்பிச்சாங்க, இவர் வியன்னாவுக்கும் அங்கேருந்து பெர்லினுக்கும் ஓடவேண்டியதா போச்சு. ஜெர்மனியில சில மௌனப் படங்கள் பண்ணிட்டு, 1920 கடைசியில கப்பல்ல வேலைக்காரரா ஏறி அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல இறங்கினாரு. இதை நான் விவரமா சொல்றதுக்கு காரணம் இருக்கு. வேலை செய்றவனுக்கு ஒண்ணா நின்னு கேட்டாதான் நியாயமான கூலி கிடைக்கும்னு தெரிஞ்சு, அதுக்காக நாட்டையே இழந்த மனுஷன் அவரு. அவர்தான் பின்னாடி ஹாலிவுட்ல மோசமான கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுற நிலைமைக்கு வந்தாரு.

அங்கேருந்து நியூயார்க்குக்கு வந்த காலத்துல அவருக்கு இங்கிலீஷ் சரியா வராது. 1922ல பிராட்வேயில முதல் இங்கிலீஷ் நாடகம் பண்ணும்போது வசனத்தை அர்த்தம் புரியாம ஒலியை மட்டும் மனப்பாடம் பண்ணி பேசினாரு. அந்தப் பழக்கத்துலேர்ந்துதான் அந்த நிறுத்தி நிறுத்திப் பேசுற தாளம் வந்துச்சுன்னு எனக்குத் தோணுது. மத்த நடிகர்கள் மூச்சு விடாத இடத்துல இவர் நிறுத்துவாரு, மத்தவங்க வேகமா கடந்து போற சொல்லை இவர் அழுத்துவாரு. சாதாரண குடும்ப நாடகத்துல இது இடிக்கும், ஆனா நூறு இருநூறு வருஷமா சவப்பெட்டிக்குள்ள படுத்திருந்த ஒரு பிரபு பேசுறதா இருந்தா? அதுக்குன்னே அளவெடுத்து தைச்ச மாதிரி பொருந்திடுச்சு.

1927 அக்டோபர் 5ல பிராட்வேயில இருந்த ஃபுல்டன் தியேட்டர்ல டிராகுலா நாடகம் ஆரம்பிச்சுது. இங்கிலாந்துல ஹாமில்டன் டீன் எழுதி ஓடின நாடகத்தை அமெரிக்காவுக்காக ஜான் பால்டர்ஸ்டன் திருத்தி எழுதியிருந்தாரு. 261 காட்சி ஓடுச்சு. அப்புறம் வேற ஊர்களுக்கும் லுகோசி அதை எடுத்துக்கிட்டு போனாரு. பொம்பளைங்க கூட்டம் கூட்டமா வந்து பார்த்தாங்க. இதைப் பலபேர் மறந்துடுறாங்க, அவரை அப்போ வெறும் பேயா யாரும் பார்க்கல, ஆபத்தான காதலனாத்தான் பார்த்தாங்க. அப்போவே அவருக்கு வயசு நாப்பத்தஞ்சு. அதனால "ஆரம்பகால ரோல்"னு நாம சொல்றது அவரோட ஹாலிவுட் வாழ்க்கைக்குத்தான் பொருந்தும், நடிப்புல அவருக்கு அதுக்கு முன்னாடியே இருபது வருஷத்துக்கு மேல அனுபவம் இருந்துச்சு. படம் வர்றதுக்கு முன்னாடி 1929ல டாட் பிரவுனிங் டைரக்ட் பண்ண ஒரு படத்துல போலீஸ் இன்ஸ்பெக்டரா கூட நடிச்சிருக்காரு, அப்போ யாருக்கும் அது வினோதமா படல.

யூனிவர்சல் இந்த நாடகத்தை படமாக்க நினைச்சப்போ லுகோசி அவங்க மனசுல முதல் ஆளா இல்ல. டைரக்டர் அதே பிரவுனிங்தான், அவரோட நிறைய படம் பண்ண லான் சேனிதான் பண்ணுவாருன்னு பேச்சு இருந்துச்சு, ஆனா சேனி 1930 ஆகஸ்ட்ல கேன்சர்ல இறந்துட்டாரு. அதுக்கப்புறமும் வேற பேர்களைத்தான் ஸ்டூடியோ யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. லுகோசியோ எப்படியாவது இந்த ரோல் வேணும்னு துடிச்சாரு, கதை உரிமை விஷயமா ஸ்டோக்கரோட மனைவிக்கு கடிதம் எழுதி ஸ்டூடியோவுக்காக பேசிக்கூட பார்த்தாரு. ஒருத்தன் ஒரு வேலையை இவ்வளவு ஆசைப்படுறான்னு முதலாளிக்கு தெரிஞ்சுட்டா கூலி எப்படி இருக்கும்? 1930 செப்டம்பர்ல போட்ட ஒப்பந்தத்துல வாரத்துக்கு 500 டாலர், மொத்தம் 7 வாரம், ஆக 3500 டாலர். அதே படத்துல யாருக்கும் இன்னிக்கு ஞாபகம் இல்லாத ஹீரோ ரோல் பண்ண டேவிட் மானர்ஸுக்கு இதை விட ரொம்ப அதிகம்.

சம்பளத்தை விட முக்கியமான விஷயம், அது ஒரு படத்துக்கான ஒப்பந்தம். அந்தக் காலத்து ஹாலிவுட்ல பெரிய நடிகர்கள் பல வருஷ கான்ட்ராக்ட்ல இருப்பாங்க. அதுல சுதந்திரம் கம்மிதான், ஸ்டூடியோ சொல்ற படத்தைத்தான் பண்ணணும், ஆனா ஒரு பக்கம் பாதுகாப்பு இருக்கும், ஏன்னா வாராவாரம் சம்பளம் கொடுக்கிற ஆளை சும்மா உக்கார வைக்க எந்த ஸ்டூடியோவும் விரும்பாது, வேற வேற மாதிரி ரோல்ல போட்டுப் பார்ப்பாங்க, பேரை வளர்ப்பாங்க. லுகோசிக்கு அந்தப் படத்தோட அந்த நிழல் கிடைக்கல. அப்புறம் வந்த வாய்ப்பெல்லாம் தனித்தனி டீல்தான். ஒவ்வொரு தடவையும் ப்ரொட்யூசர் இவர்கிட்ட வாங்க வந்தது ஒரே சரக்கு, டிராகுலா பண்ண ஆளு.

படம் 1931 பிப்ரவரியில நியூயார்க்ல ராக்ஸி தியேட்டர்ல வந்துச்சு, நல்லா ஓடுச்சு. இன்னிக்கு பார்த்தா மெதுவாத்தான் போகும், டைட்டிலுக்கு ஸ்வான் லேக் இசை வர்றதைத் தவிர பின்னணி இசைன்னு பெருசா எதுவும் கிடையாது, கோரைப்பல்லைக் கூட எங்கயும் காட்ட மாட்டாங்க. கேமராமேன் கார்ல் ஃபிராய்ண்ட் லுகோசியோட கண்ணுல மட்டும் விழற மாதிரி குறுகின வெளிச்சத்தை வச்சதும், லுகோசி அசையாம நின்னதும்தான் அந்தப் பயம் மொத்தமும். பேசும் படம் வந்து மூணு நாலு வருஷம்தான் ஆகியிருந்த நேரம். மௌனப் படத்துல எந்த ஊர்க்காரனும் எந்த ஊர்க்காரனாவும் நடிக்கலாம், குரல் வந்ததுக்கு அப்புறம் வெளிநாட்டு உச்சரிப்பு இருக்கிறவங்களுக்கு கதவு ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு இருந்துச்சு. லுகோசிக்கு மட்டும் அந்த உச்சரிப்பே ஒரு கதவைத் திறந்துச்சு, அந்த ஒரு கதவை மட்டும்தான் திறந்துச்சு.

இந்த இடத்துல கார்லாஃப் வர்றாரு. டிராகுலா ஓடினதும் யூனிவர்சல் அடுத்து ஃபிராங்கன்ஸ்டைன் எடுக்க முடிவு பண்ணி, லுகோசியைத்தான் முதல்ல நினைச்சாங்க. டைரக்டர் ராபர்ட் ஃபுளோரி அவரை வச்சு ஒரு டெஸ்ட் ஷூட் கூட எடுத்தாரு. வசனமே இல்லாத, முகத்தை மூடுற அளவுக்கு மேக்கப் போடுற அரக்கன் ரோல் வேணாம்னு லுகோசியே ஒதுங்கிட்டாருன்னு ஒரு கதை, டைரக்டர் மாறி ஜேம்ஸ் வேல் வந்ததும் இவரைத் தூக்கிட்டாங்கன்னு இன்னொரு கதை. எப்படியோ ரோல் போரிஸ் கார்லாஃபுக்கு போச்சு. இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட், லண்டன்ல பிறந்தவர், அதுக்கு முன்னாடி பல வருஷம் சின்னச் சின்ன ரோல்ல காலத்தை ஓட்டினவரு. டைட்டில்ல அரக்கனா நடிச்சவர் பேருக்கு பதிலா கேள்விக்குறி போட்டாங்க. 1931 நவம்பர்ல படம் வந்ததும் யூனிவர்சல் அவரை கான்ட்ராக்ட்ல போட்டு, அடுத்த வருஷமே தி மம்மி படத்துல நாயகனா போட்டுச்சு. கொஞ்ச காலத்துல விளம்பரத்துல வெறும் "கார்லாஃப்"னு மட்டும் போடுற அளவுக்கு வந்துட்டாரு. 1934ல ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண தி பிளாக் கேட் படத்துலயும் கார்லாஃப் பேருதான் முதல்ல, அடுத்த வருஷம் தி ரேவன் படத்துல கதையையே லுகோசிதான் சுமக்கிறாரு, அதுலயும் கார்லாஃப் பேருதான் மேல.

வித்தியாசம் எங்க இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. கார்லாஃபோட முத்திரை மேக்கப்ல இருந்துச்சு. ஜாக் பியர்ஸ் மணிக்கணக்கா உக்காந்து போடுற அந்த மேக்கப்பைக் கழட்டினா உள்ள இனிமையா இங்கிலீஷ் பேசுற ஒரு ஜென்டில்மேன் இருப்பாரு, அவரை நீதிபதியா போடலாம், டாக்டரா போடலாம், ஜான் ஃபோர்டு 1934ல அவரை ஒரு போர்ப்படத்துல சிப்பாயா போட்டாரு. லுகோசி டிராகுலாவுக்கு மேக்கப்னு பெருசா எதுவும் போடல, கழட்டுறதுக்கும் ஒண்ணும் இல்ல. தெருவுல நடந்து வந்து "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டாலே டிராகுலாதான் கேக்குற மாதிரி இருக்கும். எது அவரோட இயல்போ அதையே முத்திரையா ஆக்கிட்டாங்க, ஒரே மாதிரி ரோல்லயே ஆளைப் பூட்டி வைக்கிற டைப்காஸ்ட்ல இதுதான் ரொம்ப கொடுமையான வகைன்னு நான் சொல்லுவேன்.

1932ல ஒயிட் ஸாம்பி, மர்டர்ஸ் இன் தி ரூ மார்க்னு வரிசையா படம் வந்துச்சு, ஆனா கையில காசு தங்கல, அதே வருஷம் திவால் மனு கொடுத்தாரு. கையை இறுக்கிப் பிடிக்கத் தெரியாத ஆளுதான், அதை மறைக்க வேண்டியதில்ல. அப்புறம் பெரிய அடி 1936ல. யூனிவர்சல் அதை ஆரம்பிச்ச லெம்லே குடும்பத்தோட கையை விட்டுப் போச்சு, புது ஆளுங்களுக்கு ஹாரர் படத்துல ஆர்வம் இல்ல. பிரிட்டன்லயும் எதிர்ப்பு அதிகமாகி 1937ல ஹாரருக்குன்னு தனியா "எச்" சர்டிபிகேட் வந்துச்சு, அந்த மார்க்கெட்டும் சுருங்கிடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஹாலிவுட்ல ஹாரர் படமே கிட்டத்தட்ட நின்னு போச்சு. கார்லாஃப் வேற ஜானர்ல டிடெக்டிவ் அது இதுன்னு ஓட்டினாரு. லுகோசிக்கு போக வேற இடமே இல்ல. 1938 ஜனவரியில மகன் பிறந்தப்போ ஆஸ்பத்திரி செலவுக்கு சினிமாக்காரங்களுக்கான நிவாரண நிதியிலேர்ந்துதான் காசு வந்துச்சு.

அதே 1938 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சலிஸ்ல ரெஜினாங்கிற சின்ன தியேட்டர், கூட்டமே வராம கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்த தியேட்டர், பழைய டிராகுலாவையும் ஃபிராங்கன்ஸ்டைனையும் கூட இன்னொரு படத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்ல போட்டாங்க. கூட்டம் தெருவை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. லுகோசியை நேர்ல கூப்பிட்டு மேடையேத்தினாங்க. அதைப் பார்த்த யூனிவர்சல் ரெண்டு படத்தையும் சேர்த்து நாடு முழுக்க மறுபடியும் ரிலீஸ் பண்ணி நல்லா சம்பாதிச்சுது. பழைய படம் திரும்ப ஓடினா நடிகருக்கு பங்கு கொடுக்கிற வழக்கமே அப்போ கிடையாது. தன்னோட முகத்தைப் பார்க்க நாடு முழுக்க டிக்கெட் வாங்கிக்கிட்டு இருந்தாங்க, அதுல ஒரு டாலர் கூட இவருக்கு வரல. இதைப் படிச்சப்போ எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருந்துச்சு.

ஆனா அந்த மறு ரிலீஸால ஒரு நல்லது நடந்துச்சு. ஹாரருக்கு மார்க்கெட் இருக்குன்னு தெரிஞ்சு யூனிவர்சல் சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன் எடுத்தாங்க, 1939 ஜனவரியில வந்துச்சு. லுகோசிக்கு கஷ்டம்னு தெரிஞ்சுக்கிட்டே ஸ்டூடியோ குறைஞ்ச கூலிக்கு சில நாள் வேலைன்னுதான் கூப்பிட்டுச்சு. டைரக்டர் ரோலண்ட் லீக்கு அது பிடிக்கல, அவர் ரோலை இழுத்து இழுத்து பெருசாக்கி ஷூட்டிங் முழுக்க அவரைக் கூடவே வச்சுக்கிட்டாரு. அந்த ரோல்தான் இகோர். தூக்குல போட்டும் சாகாம, உடைஞ்ச கழுத்தோட திரும்பி வந்த ஆளு. தாடி, அழுக்குத் துணி, கோணின கழுத்து, கரகரன்னு ஒரு குரல், கண்ணுல குறும்பும் குரூரமும். லுகோசியோட சிறந்த நடிப்பு எதுன்னு என்னைக் கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன். அங்கியை எடுத்துட்டு வேற ஏதாவது கொடுத்துப் பாருங்கன்னு பல வருஷமா கேட்டுக்கிட்டு இருந்த ஆளுக்கு ஒரு தடவை கொடுத்தா என்ன பண்ணுவாருங்கிறதுக்கு அந்தப் படமே சாட்சி. அதே வருஷம் கிரெட்டா கார்போ நடிச்ச நினோச்கா படத்துல சோவியத் அதிகாரியா ஒரே ஒரு சீன் வருவாரு, கச்சிதமா இருக்கும்.

அந்தக் கதவு அவருக்கு திறந்தே இருக்கல. 1940கள்ல மோனோகிராம்ங்கிற சின்ன கம்பெனிக்கு ஒன்பது படம் பண்ணாரு, கொஞ்ச நாள்ல எடுத்து முடிக்கிற மலிவு படங்கள், அதைப் பத்தி சொல்ல பெருசா எதுவும் இல்ல. யூனிவர்சல்ல கிடைச்சது சின்ன ரோல்கள். 1943ல, அறுபது வயசுல, அன்னிக்கு வேணாம்னு சொன்னதா சொல்லப்படுற அதே ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கனை பண்ணவேண்டியதா போச்சு. கதைப்படி அந்த அரக்கனுக்கு கண்ணு தெரியாது, பேசவும் செய்யும், முந்தின படத்துல இகோரோட மூளையை வச்சிருப்பாங்க இல்லையா, அதனால இகோர் குரல்லயே பேசுறதா எடுத்தாங்க. எடிட்டிங்ல வசனம் அத்தனையும் வெட்டிட்டாங்க, கண்ணு தெரியாதுங்கிற விஷயத்தையும் சேர்த்து வெட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது ஒருத்தர் காரணமே இல்லாம கையை முன்னாடி நீட்டி தடவிக்கிட்டு நடக்கிறது. ஜனங்க அதை மோசமான நடிப்புன்னு சிரிச்சாங்க. ஆனா இன்னிக்கு குழந்தைங்க ஃபிராங்கன்ஸ்டைன் மாதிரி நடந்து காட்டுன்னா கையை நீட்டிக்கிட்டுத்தான் நடக்குதுங்க, அந்த நடையும் இவர்கிட்டேர்ந்து வந்ததுதான்.

இன்னொரு விஷயம்தான் என்னால சுலபமா கடந்து போக முடியல. டிராகுலான்னு முத்திரை குத்தினவங்களே அவருக்கு டிராகுலா ரோலைக் கொடுக்கல. 1943ல சன் ஆஃப் டிராகுலாவுல லான் சேனி ஜூனியர், அதுக்கப்புறம் வந்த ஹவுஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்லயும் ஹவுஸ் ஆஃப் டிராகுலாவுலயும் ஜான் கேரடைன். லுகோசி வேற ஸ்டூடியோக்கள்ல வேற பேருல ரத்தக்காட்டேரியா வந்தாரு, 1935ல எம்ஜிஎம் படத்துல ஒண்ணு, 1943ல கொலம்பியா படத்துல ஒண்ணு. டிராகுலாங்கிற பேருல முழு ரோலா அவர் திரும்ப வந்தது 1948ல, ஆபட் காஸ்டெல்லோ காமெடி ஜோடியோட சேர்ந்த படத்துல. பதினேழு வருஷம் கழிச்சு! அந்தக் காமெடிக்கு நடுவுலயும் அவர் ஒரு இடத்துலகூட அந்தக் கேரக்டரைக் கேலிப்பொருளாக்கல, சுத்தி எல்லாரும் உருண்டு புரண்டாலும் இவர் கவுண்ட் டிராகுலாவாவே நிக்கிறாரு.

இதுக்கு நடுவுல கார்லாஃப் என்ன பண்ணாருன்னா, 1939க்கு அப்புறம் படத்துல அந்த அரக்கன் ரோலையே நிறுத்திட்டாரு. 1941ல பிராட்வேயில ஆர்செனிக் அண்ட் ஓல்டு லேஸ் நாடகத்துல, "போரிஸ் கார்லாஃப் மாதிரி இருக்கே"ன்னு யாராவது சொன்னா வெறி பிடிச்சு கொலை பண்ற ஆளா அவரே நடிச்சாரு. தன் முத்திரையை தானே விலை பேசி வித்தாரு. வேணாம்னு சொல்றதுக்கு கையில காசும் வேற வேலையும் இருந்தா ஒரு நடிகனால இதெல்லாம் பண்ண முடியும். பின்னாடி 1958லேர்ந்து டிராகுலாவா நடிச்ச கிறிஸ்டோபர் லீயும் அப்படித்தான், அந்த ரோல் மேல வெறுப்பு வந்தப்புறம் 1970கள்ல அதை விட்டுட்டு ஜேம்ஸ் பாண்டு பட வில்லன், அது இதுன்னு புதுசா ஒரு வாழ்க்கையே அமைச்சுக்கிட்டாரு. அவருக்கு உச்சரிப்பு தடையா இருக்கல, அவர் இங்கிலாந்துக்காரரு.

லுகோசியோட கடைசி வருஷங்களை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு பரிதாபக் கதையா சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, அதனால சுருக்கமா சொல்றேன். காலு வலிக்கு டாக்டருங்க கொடுத்த மார்ஃபின்லேர்ந்து போதைப்பழக்கம் வந்துச்சு. 1951ல அறுபத்தெட்டு வயசுல பிரிட்டன் முழுக்க டிராகுலா நாடகத்தோட சுத்தினாரு, லண்டன் வெஸ்ட் எண்டுக்கு போகணும்னு இருந்த கனவு நடக்கல. 1955 ஏப்ரல்ல, தனக்கு போதைப்பழக்கம் இருக்குன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில தானே போய் சேர்ந்தாரு. அந்தக் காலத்து ஹாலிவுட்ல இப்படி பண்ணவங்க ரொம்ப கம்மி, பெரும்பாலும் மூடி மறைச்சாங்க. சில மாசத்துல குணமாகி வெளிய வந்தாரு. எட் உட்ங்கிற டைரக்டர் மட்டும்தான் தொடர்ந்து வேலை கொடுத்தாரு, அந்தப் படங்கள் மோசம்னு உலகமே சிரிச்சாலும் வேற யாரும் கூப்பிடாத நேரத்துல கூப்பிட்டவரு அவரு. 1956 ஆகஸ்ட் 16ல லுகோசி இறந்தாரு, டிராகுலா அங்கியோடவே அடக்கம் பண்ணாங்க.

இறந்ததுக்கு அப்புறம்தான் அந்த 1930 பேப்பரோட அர்த்தம் முழுசா வெளிய வந்துச்சு. 1960லேர்ந்து யூனிவர்சல் டிராகுலா உருவத்தை பொம்மை, டீஷர்ட், விளையாட்டுச் சாமான்னு கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்து வித்துச்சு. அதுல இருந்த முகம் வேற எந்த டிராகுலாவோடதும் இல்ல, லுகோசியோடது. அவர் மனைவியும், வக்கீலாகியிருந்த மகனும் கேஸ் போட்டாங்க. ஒப்பந்தத்துல அந்தப் படத்தைக் காட்டவும் விளம்பரம் பண்ணவும்தான் உருவத்தை எழுதிக் கொடுத்திருக்காரு, பொம்மை விக்க இல்லன்னு வாதம். கீழ் கோர்ட்டுல குடும்பம் ஜெயிச்சுது. ஆனா 1979 டிசம்பர்ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் அதை மாத்திடுச்சு. தன் பேரையும் முகத்தையும் வச்சு சம்பாதிக்கிற உரிமை அந்த மனுஷனோட முடிஞ்சு போச்சு, உயிரோட இருந்தப்போ அவரே அப்படி வியாபாரம் பண்ணாததால வாரிசுக்கு அது போகாதுன்னு தீர்ப்பு. தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் அதை ஏத்துக்காம மாற்றுத் தீர்ப்பு எழுதினாங்க.

அந்த மாற்றுக் கருத்துப் பக்கம்தான் காலம் போச்சு. 1984ல கலிஃபோர்னியாவுல புது சட்டம் வந்து 1985 ஜனவரி 1லேர்ந்து அமலுக்கு வந்துச்சு, பிரபலமானவங்க இறந்தப்புறமும் அவங்க பேரு, குரல், முகம் மேல வாரிசுகளுக்கு 50 வருஷ உரிமை. அப்புறம் அதை 70 வருஷமா நீட்டிச்சாங்க. செத்துப்போன ஒரு ஹாலிவுட் நட்சத்திரத்தோட படத்தை இன்னிக்கு டீஷர்ட்ல போடணும்னா அவங்க குடும்பத்துக்கிட்ட அனுமதி கேட்டு காசு கொடுக்கவேண்டியிருக்குன்னா, அதுக்கு வழி போட்டதுல லுகோசி கேஸுக்கு பெரிய பங்கு இருக்கு. அந்தச் சட்டம் வந்தப்புறம் அவர் உருவத்துக்கு லைசென்ஸ் கொடுக்கிற கையெழுத்து யூனிவர்சலோடது மட்டும் இல்லாம, அந்தக் குடும்பத்தோடதுமா ஆச்சு.